ஒரு மேசையும் நான்கு அறைகளும்

எமது பேரனார் கட்டிய நாற்சார் வீட்டிலேயே நாம் பிறந்து வளர்ந்தோம். நடுவே முற்றம், அதனைச் சுற்றி விறாந்தையும் அறைகளும். அவ்வறைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரியம் விதிக்கப்பட்டிருந்தது. நெல் மூடைகள் அடுக்கிய அறையில் எவரும் பாய் விரிப்பதில்லை. சுவாமி அறைக்குள் கணக்குக் கொப்பி நுழைவதில்லை. காணி உறுதிகளையும் வழக்குக் கடதாசிகளையும் பார்ப்பதற்கெனப் பேரனாருக்கு ஒரு சிற்றறை இருந்தது. அவர் அதன் கதவைச் சாத்திவிட்டு வந்து சாய்மனைக் கதிரையில் அமர்ந்தாராயின், அதன்பின் வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் பேசமாட்டார். அக்காலத்தில் அவ்வீட்டில் 11 பேர் வாழ்ந்தோம். வீடு பெரிதாயிருந்ததனால் மட்டுமே அது இயன்றது என்று சொல்வதற்கில்லை. எக்காரியம் எவ்விடத்தில் என்பது வரையறுக்கப்பட்டிருந்தமையே முதற் காரணம்.

இன்று நாம் செய்யும் வேலையிற் பெரும்பகுதி ஒரு மடிக்கணினியின் திரையில் நடைபெறுகின்றது. பாடக் குறிப்பு எழுதுவது அதிலே. புள்ளிகளைப் பதிவது அதிலே. பெற்றோருக்குக் கடிதம் எழுதுவது அதிலே. மின்சாரக் கட்டணம் செலுத்துவதும், பத்திரிகை வாசிப்பதும், கடல் கடந்து வாழும் தமையனாருடன் முகம் பார்த்துப் பேசுவதும் அதிலேயே. நெல்லும் உறுதியும் சுவாமி படமும் பாயும் ஒரே அறையிற் குவிந்து கிடக்கும் வீடு எப்படியிருக்கும்? நம்மிற் பலருடைய கணினித் திரை அப்படித்தான் இருக்கின்றது.

அதனைச் சீர்செய்வதற்கு எளியதோர் உபாயம் உண்டு. அது எமது கணினியிலேயே இருந்தது; பணம் கொடுத்து வாங்கவேண்டியதன்று. எனினும், பிறருக்கு ஒரு தீங்கு இழைத்த பின்னரே நாம் அதனைக் கற்றுக்கொண்டோம். அத்தீங்கினை முதலிற் சொல்லிவிடுவதே முறை.

2021ஆம் ஆண்டு, கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலம். உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு இணையவழியில் வரலாற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். எமது திரை முழுவதையும் மாணவர்கள் காணும்படி பகிர்ந்திருந்தோம். பாடத்தைக் காட்டிக்கொண்டிருந்த சாளரத்தை ஒரு கணம் சுருக்கிவிட்டு, ஒரு தேசப்படத்தைத் தேடினோம். அச்சாளரத்தின் கீழே, அன்று காலை ஒரு மாணவன் எமக்கு அனுப்பிய செய்தி திறந்தபடி கிடந்தது.

தந்தையார் குடும்பத்தைக் கவனிப்பதில்லை என்றும், தாயாரின் வேலை நின்றுவிட்டது என்றும், இணையத்துக்குப் பணம் கட்ட வழியில்லாமையால் இனி வகுப்புக்கு வரமுடியாமற் போகலாம் என்றும் அவன் எழுதியிருந்தான். பாடக் குறிப்புகளை அச்சிட்டுத் தந்தால் வந்து பெற்றுக்கொள்வதாகவும், இதை வேறு எவருக்கும் சொல்லவேண்டாம் என்றும் இறுதியில் இருந்தது. மேலே அவனுடைய பெயர். காலையில் அதனை வாசித்துவிட்டு, மாலையில் ஆறுதலாக மறுமொழி எழுதலாம் என்று மூடாமல் விட்டிருந்தோம்.

தேசப்படம் அகப்படுவதற்கு அரை நிமிடம் சென்றிருக்கும். நாம் திரையின் ஒரு மூலையிலே தேடிக்கொண்டிருந்தமையால், நடுவே கிடந்ததைக் கவனிக்கவில்லை. மாணவர்கள் கவனித்தார்கள். அவர்களுள் எவனோ ஒருவன் அதனைப் படமாக எடுத்து மற்றையோருக்கு அனுப்பியும் விட்டான் என்பதை அன்றிரவு அறிந்தோம்.

மறுநாள் அம்மாணவன் வகுப்புக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பயணத்தடை தளர்ந்ததும், அச்சிட்ட குறிப்புகளுடன் அவனுடைய வீட்டுக்குச் சென்றோம். தாயார் கதிரையைத் துடைத்து எம்மை இருத்தினார். “அண்டைக்குத் துடங்கிப் பிள்ளை ஒழுங்காய்ச் சாப்பிடேல்லை, மாஸ்டர்” என்றார். அவன் வந்து கதவோரம் நின்றான். நாம் மன்னிப்புக் கேட்டோம். ஆசிரியர் ஒருவர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பதைத் தாயார் எதிர்பார்க்கவில்லை, பதறிப்போனார். அவன் நிலத்தைப் பார்த்தபடி, “நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே, சேர்” என்றான்.

வேண்டுமென்று செய்யவில்லை என்பது உண்மையே. ஆயினும் அவ்வார்த்தை எமக்கு ஆறுதல் தரவில்லை. ஒருவன் நம்பி ஒப்படைத்த இரகசியத்தை நாம் வைத்திருந்த இடம், சந்தைக்குப் போகும் பாதையிலே இருந்தது. அதற்கென வேறோர் இடம் எமது திரையில் இருக்கவில்லை; இருக்கவேண்டும் என்று நாம் எண்ணிப் பார்த்ததும் இல்லை.

எம்முடன் பணியாற்றும் இளம் ஆசிரியர் ஒருவர் தகவல் தொழினுட்பம் கற்பிப்பவர். நடந்ததை அவரிடம் சொன்னோம். அவர் எமது மடிக்கணினியைத் திறந்து பார்த்தார். அவ்வேளையில் அதிலே 17 சாளரங்கள் திறந்திருந்தன. “சேர், இவ்வளவையும் ஒரு மேசையில் வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்கிறீர்கள்?” என்றார். “இருப்பது ஒரு மேசைதானே, தம்பி” என்றோம். அவர் சிரித்துக்கொண்டு மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தினார். சாளரங்கள் அனைத்தும் மறைந்து, வெறுமையான ஒரு முகப்புத் தோன்றியது. செய்த வேலை எல்லாம் அழிந்துபோயிற்று என்றே நாம் அஞ்சினோம். அவர் மறுபடியும் விசைகளை அழுத்தினார். பழைய முகப்புத் திரும்பி வந்தது. வைத்தவை வைத்தபடியே இருந்தன.

இதுவே மெய்நிகர் மேசைமுகப்பு எனப்படுவது. திரை ஒன்றுதான், ஆனால் அத்திரையில் முறைவைத்துத் தோன்றக்கூடிய மேசைகள் பல. ஒவ்வொரு மேசையிலும் வெவ்வேறு சாளரங்களைத் திறந்து வைக்கலாம். ஒரு மேசை முன்னே நிற்கும்போது மற்றவை கண்ணுக்கு மறைந்திருக்கும். மறைந்திருப்பவை நின்றுபோவதில்லை, அவற்றிலுள்ள வேலைகள் நடந்துகொண்டேயிருக்கும். எந்தச் சாளரம் எந்த மேசைக்கு உரியது என்பதைக் கணினி குறித்து வைத்துக்கொண்டு, அழைக்கும் வேளையில் அதற்குரியவற்றை மட்டும் காட்டுகின்றது.

மேசைமுகப்பு என்னும் பெயரே ஓர் உவமையாகும். செரொக்ஸ் நிறுவனம் 1970இல் அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலுள்ள பாலோ அல்டோ நகரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. அந்நிலையத்தின் முயற்சிகளைத் தழுவி, 1981இல் அந்நிறுவனம் ஸ்டார் என்னும் கணினியை விற்பனைக்கு விட்டது. அதன் திரையைக் காரியாலய மேசை ஒன்றாகக் கற்பனை செய்திருந்தார்கள். கோப்பு, கோப்புறை, கடிதத்தட்டு முதலியன அதிலே சிறுபடங்களாக வைக்கப்பட்டிருந்தன. 1984இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட மக்கின்டோஷ் இவ்வகை அமைப்பைப் பொதுமக்களிடையே பரப்பிற்று. அன்று தொடங்கிய அவ்வுவமையிலேதான் நாம் அனைவரும் இன்றும் வேலை செய்கின்றோம்.

உவமை நல்லதே. ஆனால் அளவு பொருந்தவில்லை. ஓர் ஆசிரியரின் மேசை நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்டது எனக் கொள்வோம். அதன் பரப்பு ஏறக்குறைய 7,400 சதுர சென்ரிமீற்றர். பெரும்பாலானோர் வைத்திருக்கும் 15.6 அங்குல மடிக்கணினியின் திரைப் பரப்பு ஏறக்குறைய 670 சதுர சென்ரிமீற்றர். அஃதாவது, மேசையின் பதினொன்றில் ஒரு பங்கு. நாம் பரீட்சை எழுதும் ஏ4 தாளிலும் சற்றே பெரிது, அவ்வளவுதான். ஒரு தாள் அளவுள்ள இடத்திலே 17 தாள்களைப் பரப்பினால், அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வேறென்ன செய்யும்? இது எமது சோம்பலினால் மட்டும் நேர்ந்த அலங்கோலம் அன்று. இடத்தின் குறுக்கத்தினாலும் நேர்ந்தது.

இதனை ஆராய்ந்து தெளிந்தவர்கள் அதே பாலோ அல்டோ நிலையத்தைச் சேர்ந்த ஒஸ்டின் ஹென்டர்சன், ஸ்டுவர்ட் கார்ட் என்னும் இருவர். அவர்கள் 1986இல் தமது ஆய்வை வெளியிட்டார்கள். தாம் ஆக்கிய மென்பொருளுக்கு அவர்கள் இட்ட பெயர், தமிழிற் சொல்வதானால், ‘அறைகள்’ என்பதாகும். இதனை முதன்முதலில் அறிந்தபோது எமக்குப் பேரனாரின் வீடு நினைவுக்கு வந்தது.

அவர்கள் எடுத்துக்கொண்ட ஒப்புமை சுவையானது. கணினிக்குள்ளே முதன்மை நினைவகம் என ஒன்று உண்டு. அது விரைவானது, ஆனால் சிறியது. பல நிரல்கள் அதிலே இடம் கேட்டு நெருக்கினால், இயந்திரம் ஒன்றை வெளியே தூக்கி வைத்து மற்றொன்றை உள்ளே கொண்டுவருவதிலேயே காலத்தைக் கழிக்கும். உண்மையான வேலை நடவாது. ஒரே அடுப்பை வைத்துக்கொண்டு ஐந்து கறி ஆக்க முனைபவர், சட்டிகளை ஏற்றி இறக்குவதிலேயே பொழுதைப் போக்குவது போன்றது இது. ஒரு நிரல் குறித்த வேளையில் நெருங்கிப் பயன்படுத்தும் பகுதிகள் சிலவே என்பதையும், அச்சிலவற்றை ஒருங்கே உள்ளே வைத்திருந்தால் இத்தொல்லை நீங்கும் என்பதையும் பீற்றர் டெனிங் என்னும் அறிஞர் 1968இல் எடுத்துக்காட்டியிருந்தார்.

ஹென்டர்சனும் கார்ட்டும் அதே உண்மையைத் திரைக்குப் பொருத்தினார்கள். மனிதர் சாளரங்களைக் கண்டபடி மாற்றி மாற்றிப் பார்ப்பதில்லை. ஒரு வேலையைச் செய்யும்போது அதற்குரிய சில சாளரங்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகின்றனர். வேலை மாறும்போது வேறு சிலவற்றுக்குச் செல்கின்றனர். அவ்வாறாயின், ஒவ்வொரு வேலைக்கும் உரிய சாளரங்களை ஓர் அறையிலே வைத்து, அறைவிட்டு அறை செல்லக் கதவு அமைத்துவிட்டால் என்ன? அதனையே அவர்கள் செய்தார்கள். எந்த அறைக்குப் போனாலும் உடன் வரவேண்டிய பொருளுக்கு ஒரு சட்டைப்பையும், எல்லா அறைகளையும் சிறு உருவிலே ஒரே பார்வையிற் காண்பதற்கு ஒரு வழியும் வைத்தார்கள்.

அந்நாளில் அது ஆராய்ச்சியாளருக்கே கிடைத்தது. 1990களில் யுனிக்ஸ், லினக்ஸ் கணினிகளைப் பயன்படுத்தியோர் இவ்வசதியை வழக்கமாகப் பெற்றனர். 1998இல் வெளிவந்த கே.டி.ஈ. என்னும் லினக்ஸ் முகப்பில் அது தொடக்கத்திலேயே இருந்தது. அப்பிள் கணினிகளில் 2007இலும், மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 10 மூலம் 2015 யூலையிலும் அது உடனிணைந்த வசதியாக வந்தது. நாம் அத்தீங்கினைச் செய்த 2021ஆம் ஆண்டில், அது எமது கணினிக்குள்ளே தொடப்படாமற் கிடந்தது என்பதை எண்ணும்போது நாணமே உண்டாகின்றது.

இனி, செய்முறையைச் சொல்வோம். இல்லத்தரசிகளும் மாணவர்களும் ஐந்து நிமிடத்திற் பழகிக்கொள்ளலாம்.

விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினியில், விண்டோஸ் விசையையும் கொன்ட்ரோல் விசையையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ‘டி’ எழுத்தை அழுத்துக. புதிய மேசை ஒன்று திறக்கும். அதே இரு விசைகளுடன் இடப்புற அல்லது வலப்புற அம்புக்குறியை அழுத்தினால், ஒரு மேசையிலிருந்து அடுத்ததற்குச் செல்லலாம். விண்டோஸ் விசையுடன் டப் விசையை அழுத்தினால் எல்லா மேசைகளும் சிறு உருவிலே காட்சி தரும். அங்கே ஒரு சாளரத்தைச் சுட்டியாற் பிடித்து வேறொரு மேசையின் மேல் இட்டால், அது அங்கே குடிபெயரும். மேசையின் பெயரைச் சொடுக்கி விரும்பிய பெயரைத் தமிழிலேயே இடலாம். விண்டோஸ் 11இல் ஒவ்வொரு மேசைக்கும் வெவ்வேறு பின்னணிப் படமும் வைக்கலாம். இதனை அலங்காரம் என்று எண்ணவேண்டாம்; எந்த அறையில் நிற்கின்றோம் என்பதைக் கண் உடனே அறிந்துகொள்வதற்கு இது மிகவும் பிரயோசனமானது.

ஒரு மேசை இனி வேண்டாம் என்றால், விண்டோஸ், கொன்ட்ரோல் விசைகளுடன் ‘எப் 4’ விசையை அழுத்துக. மேசை நீங்கும், அதிலிருந்த சாளரங்கள் அழியமாட்டா, பக்கத்து மேசைக்கு வந்து சேரும். எல்லா அறைகளிலும் உடன் இருக்கவேண்டிய சாளரம் ஏதேனும் இருப்பின், மேற்சொன்ன சிறு உருவக் காட்சியில் அதன்மீது வலச்சொடுக்குச் செய்து, எல்லா மேசைகளிலும் காட்டுமாறு கட்டளையிடலாம். 1986இல் அவ்விருவர் வைத்த சட்டைப்பை இதுவே.

அப்பிள் கணினியில், கொன்ட்ரோல் விசையுடன் மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் மேசைகள் அனைத்தும் தோன்றும். மேலே வலப்புறத்தில் உள்ள கூட்டற்குறியைச் சொடுக்கினால் புதியது பிறக்கும். கொன்ட்ரோல் விசையுடன் பக்கத்து அம்புக்குறிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும்.

நாம் நான்கு அறைகளை வைத்திருக்கின்றோம். முதலாவதின் பெயர் ‘பாடம்’. வகுப்பிற் காட்டுவதற்குரியவை அன்றி வேறொன்றும் அதற்குள் வரக்கூடாது என்பது எமது விதி. இரண்டாவது ‘புள்ளி’. பரீட்சைப் புள்ளிகளின் விரிதாள்கள் அதிலே இருக்கும். மூன்றாவது ‘கடிதம்’. மின்னஞ்சலும் மாணவரும் பெற்றோரும் அனுப்பும் செய்திகளும் அதிலே மட்டும் திறக்கப்படும். அதன் பின்னணி கருஞ்சிவப்பு. அந்நிறத்தைக் கண்டதும் ‘இங்கே பிறருடைய இரகசியம் இருக்கின்றது’ என்ற எச்சரிக்கை மனத்திற் படவேண்டும் என்பதற்காகவே அதனைத் தெரிந்தெடுத்தோம். நான்காவது ‘வீடு’. கட்டணங்களும் பத்திரிகையும் தமையனாருடன் உரையாடலும் அவ்வறைக்கு உரியவை.

நான்குக்கு மேல் வேண்டாம் என்பது எமது அனுபவம். தொடக்கத்தில் உற்சாக மிகுதியால் ஒன்பது அறைகள் அமைத்தோம். எந்தக் கோப்பை எந்த அறையில் வைத்தோம் என்று தேடுவதிலேயே பொழுது கழிந்தது. மனைவியார் பார்த்துவிட்டு, “முந்தி மேசையில் தேடினீர்கள், இப்போது வீடு முழுவதும் தேடுகிறீர்கள்” என்றார். அன்றே ஐந்து அறைகளை மூடினோம்.

இவ்வுபாயத்தின் எல்லைகளையும் சொல்லாவிடில் வாசகர்களுக்கு நாம் நேர்மை செய்தவராகமாட்டோம்.

முதலாவதாக, இது மறைவேயன்றிப் பூட்டு அன்று. ஒரே கணினியைக் குடும்பத்தார் பலர் பயன்படுத்தும் வீடுகளில், தந்தையின் மேசைக்கு மகன் ஒரு விசையழுத்தத்தில் வந்துவிடலாம். ஆளுக்கு ஆள் பிரிவு வேண்டுமாயின், கடவுச்சொல்லுடன் கூடிய தனித்தனிப் பயனர் கணக்குகளை ஏற்படுத்துவதே தக்கது. ஒருவருடைய வேலைகளைத் தம்முள் பிரிப்பதற்கே மேசைகள் உதவும்.

இரண்டாவதாக, இதனாற் கணினியின் வேகம் கூடாது. திறந்திருக்கும் நிரல் எந்த அறையில் இருந்தாலும் நினைவகத்தில் தன் பங்கினை எடுத்துக்கொண்டேயிருக்கும். கணினி தளர்ந்து நடந்தால், வேண்டாதவற்றை மூடுவதே மருந்து. முகப்பிலே கோப்புகளின் சிறுபடங்களை இறைத்து வைத்திருப்போருக்கும் இது உதவாது. விண்டோஸில் அச்சிறுபடங்கள் எல்லா மேசைகளிலும் ஒரேமாதிரியே தோன்றும். அவற்றைக் கோப்புறைகளில் அடுக்குவதற்குக் கையும் மனமும்தான் வேண்டும்.

மூன்றாவதாக, கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கும்போது, சாளரங்கள் முன்பிருந்த அறைகளில் முன்பிருந்தவாறே வந்து நிற்கும் என்று நம்பியிருத்தல் ஆகாது. அவரவர் பொருளை அவரவர் அறையில் மறுபடியும் எடுத்துவைக்க நேரலாம்.

நான்காவதாக, ஆசிரியர்களுக்கு ஒரு சொல். இணையவழி வகுப்பில் திரை முழுவதையும் பகிர்ந்துவிட்டு அறை மாறினால், மாறிய அறையும் மாணவர் கண்ணுக்குத் தெரியும். ஆதலால், பாடத்துக்குரிய ஒரு சாளரத்தை மட்டும் பகிர்வதே பாதுகாப்பானது. திடீரெனத் தோன்றும் அறிவித்தல்கள் நாம் எந்த அறையில் நின்றாலும் வந்து எட்டிப்பார்க்கும். வகுப்புத் தொடங்குமுன் அவற்றையும் நிறுத்திவிடுக. அறைகள் அமைத்ததோடு எமது கடமை முடிந்துவிட்டது என்று நாம் இருந்திருந்தால், அத்தவறு இன்னொரு முறையும் நேர்ந்திருக்கும்.

இனி, கண்ணுக்குப் புலப்படாத ஒரு பயனைப் பற்றிச் சொல்லவேண்டும். சோபி லெரோய் என்னும் பேராசிரியை 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று, வேலை மாறும்போது மனம் முழுவதும் உடனே மாறிவிடுவதில்லை என்று காட்டுகின்றது. முதல் வேலையை முடிக்காது விட்டு இரண்டாவதற்குச் செல்வோரின் கவனத்தில் ஒரு பகுதி முதல் வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்; அதனால் இரண்டாவது வேலை பழுதுபடும். இதனைக் கவன எச்சம் எனலாம். சாறு வடித்த துணியிலே எஞ்சி நிற்கும் சக்கையைப் போன்றது அது.

மேசைமுகப்பு இவ்வெச்சத்தை நீக்கும் என்று அவ்வாய்வு கூறவில்லை, நாமும் கூறமாட்டோம். விரல் ஒரு கணத்திலே அறை மாறிவிடும். மனம் அப்படி மாறுவதில்லை. உண்மையைச் சொல்லின், அறை மாறுவது இத்துணை எளிதாயிருப்பதே ஓர் ஆபத்தும் ஆகலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு அறைகளையும் எட்டிப்பார்ப்பவருக்கு அறை இருந்தும் பயனில்லை. நாம் கைக்கொண்ட வழக்கம் இதுதான்: ஓர் அறையை விட்டு நீங்குமுன், அடுத்துச் செய்யவேண்டியது யாது என்பதை ஒரு துண்டுக் கடதாசியில் ஒரு வரி எழுதிவிடுவோம். பின்னர் மாறுவோம். பேரனார் கதவைச் சாத்திய ஓசைக்கு ஈடாக எமக்கு அந்த ஒரு வரி அமைந்திருக்கின்றது.

எல்லாம் நன்றாக நடந்தன என்று முடித்துவிட எமக்கும் ஆசைதான். அம்மாணவன் பரீட்சை எழுதினான், தேறினான், பல்கலைக்கழகமும் சென்றான். சென்ற ஆண்டு கோயிற் திருவிழாவிலே எம்மைக் கண்டு வந்து வணங்கி, தாயாரின் நலம் சொன்னான். அவனிடம் பகை இல்லை. ஆனால் அந்த அரை நிமிடத்தின் பின்னர், பள்ளியை விட்டு நீங்கும்வரை, தன் கஷ்டம் பற்றி எமக்கு அவன் ஒரு வரியும் எழுதவில்லை. குறிப்புகள் வேண்டுமா என்று நாமே கேட்டபோதெல்லாம், “வேண்டாம் சேர், இருக்குது” என்றே சொன்னான். இருந்ததா இல்லையா என்பது எமக்கு இன்றும் தெரியாது.

மேசையை ஒழுங்காக வைத்திருப்பதை நாம் நெடுங்காலம் எமது சொந்தச் சௌகரியம் என்றே எண்ணியிருந்தோம். ஆசிரியர், வைத்தியர், வங்கி உத்தியோகத்தர், கிராம அலுவலர் ஆகியோருடைய திரைகளிலே பிறருடைய வாழ்க்கை திறந்து கிடக்கின்றது. அங்கே ஒழுங்கு என்பது சௌகரியம் மட்டும் அன்று. பிறர் வைத்த நம்பிக்கைக்கு நாம் செய்யும் காவலும் ஆகும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாலையிற் சிறிது ஓய்வு கிடைக்குமாயின், வாசகர்கள் தத்தம் கணினியைத் திறந்து, ஒரே ஓர் அறையைப் புதிதாக அமைத்துப் பார்க்கட்டும். பிறர் நம்மை நம்பி எழுதியவற்றை முதலில் அவ்வறைக்கு மாற்றுக. மற்றவற்றை ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம்.